ஆஸ்பத்திரிக்கு வராதவரிடமும் கேளுங்கள்: ஊர்க் கருத்தைத் திரட்டிக் கிராம சபைக்குக் கொண்டு போகும் முறை

கேள்வி: திருமங்கலம் பக்கத்தில் ஓர் ஊராட்சியில் மகளிர் குழு நடத்துகிறோம். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள். எங்கள் வேண்டுகோளை ஏற்று அங்கே கருத்துப் பெட்டி வைத்தார்கள். மூன்று மாதத்தில் நாலே சீட்டுதான் விழுந்திருக்கிறது. வருகிற அக்டோபர் 2 கிராம சபையில் இதை முறையாகப் பேச நினைக்கிறோம். மக்கள் கருத்தை எப்படித் திரட்டினால் அதிகாரிகள் காது கொடுப்பார்கள்?

பதில்: பெட்டியில் சீட்டு விழவில்லை என்பதால் மக்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் பெட்டிப் பக்கமே போகமாட்டார்கள். எழுதத் தெரிந்தவர்களும், அடுத்த மாதம் இதே நர்ஸம்மாவிடம்தானே வந்து நிற்க வேண்டும் என்று யோசிப்பார்கள். இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. பெட்டியில் சீட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு வந்தவரால்தான் முடியும். வராமல் இருப்பவர் ஏன் வரவில்லை, வருவதை ஏன் நிறுத்தினார் என்பதுதான் ஒரு சேவையைச் சீர்திருத்த முதலில் தெரிய வேண்டிய செய்தி. அதை வீடு தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும்.

உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கிறவர்கள் விடியுமுன் காட்டுக்குள் இறங்குகிறார்கள். பறித்து முடித்து, எடை போட்டு, பூ மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வண்டியேறிய பிறகுதான் அவர்களுக்குக் கை ஓயும். வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கட்டணமில்லா டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து போனால் காலை ஓபி கூட்டம் கலையும் நேரம். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் அன்றைய பாடு அதோடு முடிந்தது. “பூப்பறிக்கிற பெண்கள் மாத்திரையை ஒழுங்காக வாங்குவதில்லை” என்று பதிவேடு சொல்லும். நேரம்தான் இடிக்கிறது என்பதைப் பதிவேடு சொல்லாது. ரத்தம் எடுக்கும் நேரத்தை வாரத்தில் ஒரு நாளாவது தள்ளி வைக்க முடியுமா என்பது மருத்துவ அலுவலரிடம் பேசிப் பார்க்கக்கூடிய விஷயம். இந்த மாதிரி, கையெட்டும் தூரத்தில் இருக்கும் மாற்றங்களைக் கண்டுபிடிக்கத்தான் கருத்துக் கேட்பு.

அதனால் கேள்வித்தாள் எழுதும் முன்பு, எதை யாரால் மாற்ற முடியும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். டோக்கன் முறை, உட்கார இடம், குடிதண்ணீர், கழிப்பறைச் சாவி, அறிவிப்புப் பலகை ஆகியவை நிலையத்தின் மருத்துவ அலுவலரும் நோயாளர் நலச் சங்கமும் முடிவெடுக்கக் கூடியவை. கிராம சுகாதார செவிலியர் எந்த ஊருக்கு எந்த நாளில் வருகிறார் என்பது போன்றவற்றை வட்டார மருத்துவ அலுவலரிடம் பேச வேண்டும். காலிப் பணியிடம், புதுக் கட்டடம் எல்லாம் மாவட்ட சுகாதார அலுவலரையும் தாண்டி மேலே போகிறவை. ஊருக்குள் சாக்கடை, தண்ணீர்த் தொட்டி சுத்தம் போன்ற சின்ன வேலைகளுக்கு, கிராம சுகாதாரக் குழுவுக்குத் தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடில்லா நிதி உண்டு. அதை எதற்குச் செலவழிக்கலாம் என்றும் மக்களிடம் கேட்கலாம். யாராலும் மாற்ற முடியாததைக் கேட்டால் ஆசை காட்டிய பாவம்தான் மிஞ்சும்.

அடுத்தது யாரைக் கேட்பது. பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடையிலும் கண்ணில் பட்டவரைக் கேட்டு எழுதினால், “உங்க ஆளுங்ககிட்ட மட்டும் கேட்டு வந்திருக்கீங்க” என்ற ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். முறையாக வீடு பொறுக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஊராட்சியின் வீட்டு வரிப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். தோட்டத்து வீடு, வாடகைக் குடித்தனம், சூளையில் தங்கி வேலை செய்யும் குடும்பங்கள் அதில் விட்டுப்போகும். காலனி உட்பட எல்லாத் தெருக்களிலும் நடந்து வரிசை எண் போடுங்கள். ஒரு பேச்சுக்கு 640 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீட்டுக்கு ஒரு வீடு போதும். ஒன்று முதல் பத்து வரை சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போய்க்கொண்டே இருங்கள். மொத்தம் 64 வீடுகள். இருவர் கொண்ட மூன்று அணிகள், அணிக்கு ஒரு மாலையில் ஐந்து வீடு என்று போனால் ஐந்து மாலையில் முடியும். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான ஊர்க் கணக்கெடுப்புகள் கெட்டுப்போவது இந்தப் பூட்டிய வீட்டில்தான். 27-ஆம் வீடு பூட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டில் பாட்டி இருக்கிறார், அவரிடம் கேட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படியே செய்துகொண்டு போனால் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே சேரும். வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள். அதே வீட்டுக்கு வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். அப்போதும் ஆள் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள்.

64 வீட்டுக் கணக்கில் ஒன்றைப் பாதிப்பேர் சொன்னதாக வந்தால், உண்மை நிலை பன்னிரண்டு சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ இருக்கலாம். நூறு வீடு கேட்டால் இது சுமார் ஒன்பது. ஐந்தாகக் குறைக்க வேண்டுமென்றால் 640 வீட்டில் சுமார் 240 வீடு ஏற வேண்டும். எது பெரிய பிரச்சினை என்று தெரிந்துகொள்ள 64 தாராளமாகப் போதும். ஆனால் “மேலத்தெருவில் 40 சதவீதம், கீழத்தெருவில் 55 சதவீதம்” என்று தெருவாரியாக உடைத்துப் பேசாதீர்கள். அந்த வித்தியாசத்துக்கு அர்த்தம் கிடையாது.

இனி கேள்விகள். “ஆஸ்பத்திரி சேவை உங்களுக்குத் திருப்தியா?” என்று கேட்காதீர்கள். பத்தில் எட்டுப் பேர் “நல்லாத்தான் பாக்குறாங்க” என்பார்கள். மரியாதைக்காகவும், இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாது என்ற எண்ணத்திலும், கேட்பவர் யாரிடம் போய்ச் சொல்வாரோ என்ற தயக்கத்திலும் வரும் பதில் அது. அபிப்பிராயம் கேட்காமல், நடந்ததைக் கேளுங்கள். “நல்லாத்தான் பாக்குறாங்க” என்று சொன்ன அதே அம்மாவிடம், “கடைசியா எப்பக்கா போனீங்க? வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?” என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஏழு மணிக்குக் கிளம்பியது, டவுன் பஸ் வராமல் மினி பஸ்ஸில் காசு கொடுத்துப் போனது, ஒரு மாத்திரை இல்லையென்று சொன்னது, அதை மருந்துக்கடையில் வாங்கியது, வீடு திரும்ப மத்தியானம் ஆனது, அன்றைய கூலி போனது என்று ஒவ்வொன்றாக வரும்.

ஒரு தாளில் இவ்வளவு இருந்தால் போதும்:

கடந்த 15 நாளில் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனது? எங்கே காட்டினீர்கள்? அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் ஏன்? கடைசியாகப் போனபோது கிளம்பிய நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், திரும்பிய நேரம் என்ன? எதில் போனீர்கள், செலவு எவ்வளவு? எழுதிக் கொடுத்த மாத்திரையில் எது அங்கே கிடைத்தது, எதை வெளியே வாங்கினீர்கள்? என்ன வியாதி, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று புரியும்படி சொன்னார்களா? யாராவது காசு கேட்டார்களா? கடந்த ஒரு வருடத்தில் யாரையாவது படுக்கையில் சேர்த்தீர்களா, எங்கே? சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர் வீட்டில் உண்டா? வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர் என்றால், கடைசியாக எப்போது வீட்டுக்கு வந்தார்கள்? அங்கே எது நன்றாக இருக்கிறது, மாறக் கூடாது? ஒன்றே ஒன்று மாறலாம் என்றால் எது?

சாதாரண உடல்நலக் குறைவுக்கு 15 நாள், படுக்கை சேர்க்கைக்கு 365 நாள் என்ற வரையறை தேசிய மாதிரி ஆய்வில் பயன்படுவது. அதற்கு மேல் பின்னால் போனால் நினைவு குழம்பும். ‘எது மாறக் கூடாது’ என்ற கேள்வியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். நல்ல வேலை செய்யும் ஒரு செவிலியரோ மருந்தாளுநரோ அங்கே இருந்தால், அதை ஊர் எழுத்தில் சொல்ல வேண்டும்.

கேட்கப் போகிறவர் கிராம சுகாதார செவிலியராகவோ, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலராகவோ, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவராகவோ இருக்கக் கூடாது. பக்கத்து ஊராட்சியின் குழுவோடு பேசி, அவர்கள் உங்கள் ஊரிலும் நீங்கள் அவர்கள் ஊரிலுமாக மாற்றிக்கொண்டால் ரொம்ப நல்லது. வாசலில் நின்றதும் இப்படிச் சொல்லுங்கள்: “அக்கா, மகளிர் குழுவுல இருந்து வர்றோம். ஆஸ்பத்திரி வசதியப் பத்திப் பத்து வீட்டுக்கு ஒரு வீடுன்னு கேக்குறோம். பேரு எழுத மாட்டோம். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். சொன்னாலும் சொல்லாட்டியும் ஒங்களுக்குக் கிடைக்கிற மாத்திரையில, உதவியில எந்த மாத்தமும் வராது.” தாளில் வீட்டு எண்கூட வேண்டாம், 1 முதல் 64 வரை ஒரு வரிசை எண் போதும். போன் நம்பர், ஆதார், போட்டோ எதுவும் கூடாது. காசநோய், மனநலம், கருக்கலைப்பு போன்றவற்றைத் தானாகச் சொன்னாலும் நோயின் பெயரை எழுதாதீர்கள். நம்பிச் சொன்ன ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஊர் வாட்ஸ்அப் குழுவில் விவரங்களைப் பகிரும் வேலையே வேண்டாம்.

கர்ப்பிணியைப் பற்றிய கேள்விக்குக் கர்ப்பிணிதான் பதில் சொல்ல வேண்டும். கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு சொல்வதை அவர் பதிலாக எழுதக் கூடாது. கூச்சமான விஷயங்களுக்கு வீட்டுக் கணக்கெடுப்பைவிடச் சிறு கூட்டங்கள் பயன்படும். ஆறு முதல் எட்டுப் பேர், முக்கால் மணி நேரம், ஒருவர் கேட்க இன்னொருவர் எழுத. கைக்குழந்தைக்காரர்கள் தனி, மாமியார்கள் தனி, பூப்பறிக்கிறவர்கள் தனி, மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் தனி. இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ கூட்டினால், அங்கே சரிசமமாக உட்கார முடியாத சனம் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். காலனிக் கூட்டத்தைக் காலனியிலேயே வையுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். “தாய்மார்களிடம் கனிவின்மை” என்று நீங்கள் திருத்தி எழுதுவதைவிட, “வலியில கத்துனா வையிறாங்க” என்ற மூன்று வார்த்தை வேலை செய்யும்.

தாள்களைக் கூட்டியதும் நேரே கிராம சபைக்கு ஓடாதீர்கள். முதலில் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். மாத்திரை தீர்ந்துபோனதற்குக் காரணம் அவர் அனுப்பிய தேவைப் பட்டியலைவிடக் குறைவாக வந்ததாக இருக்கலாம். இரண்டு நிலையத்தை ஒரே மருந்தாளுநர் பார்ப்பதாகவும் இருக்கலாம். சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 30,000 மக்கள் என்பது தேசிய அளவுகோல். உங்கள் நிலையத்துக்கு எத்தனை பேர் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே முடியக்கூடியதை அங்கேயே முடித்துவிட்டால், கிராம சபையில் அதை நன்றியோடு சொல்லலாம். மீதிக்கு அவரே உங்கள் பக்கம் நிற்பார்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அக்டோபர் 2-ஐக் குறிவைத்தால் ஆகஸ்டு நடுவிலேயே வேலையைத் தொடங்குங்கள். பத்து நாள் முன்னதாகவே கூட்டப் பொருளில் சேர்க்கக் கோரி ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, முக்கியம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். கணக்கெடுப்பில் பேசியவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புங்கள்.

“சுகாதார நிலையத்தை மேம்படுத்த வேண்டும்” என்ற தீர்மானத்தால் ஒன்றும் நடக்காது. இப்படி எழுதுங்கள் (எண்கள் மாதிரிக்கு): “பத்துக்கு ஒன்று என 64 வீடுகளில் விசாரித்ததில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் 29 வீடுகளில் 17 வீட்டார் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு மாத்திரையையேனும் வெளியில் வாங்கியுள்ளனர். முழு மாத அளவு மாத்திரை கிடைக்கவும், வாரம் ஒரு நாள் காலை 10 மணிக்கு மேலும் ரத்தப் பரிசோதனை செய்யவும் வட்டார மருத்துவ அலுவலரை இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது. எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் தெரிவிக்கவும் கோருகிறது.” தீர்மானப் பதிவேட்டில் எண்ணோடு ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் யாரும் கையெழுத்திடக் கூடாது.

தீர்மான நகலை வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அசைவு இல்லையென்றால் திங்கட்கிழமை மதுரை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து எண் வாங்குங்கள், அல்லது முதல்வர் உதவி மைய எண்ணான 1100-ல் பதியுங்கள். அதற்கும் பதிலில்லையென்றால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இந்தத் தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரே ஊராட்சியால் தீராத, வட்டாரம் முழுக்க உள்ள பிரச்சினை என்றால் மாவட்ட சுகாதாரப் பேரவைக்குக் கொண்டுபோகலாம். மக்களும் அதிகாரிகளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முன்னுரிமைகளைப் பேசுவதற்கென்றே உள்ள அமைப்பு அது. தாய்லாந்தில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் தேசிய சுகாதாரப் பேரவையும் இதே மாதிரியானதுதான்.

கிராம சபை முடிந்த ஒரு மாதத்துக்குள், என்ன கேட்டோம், என்ன சொன்னார்கள், எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்பதை ஒரே பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி ரேஷன் கடையிலும் பால் பண்ணையிலும் ஒட்டுங்கள். எழுத்து வாசிக்காதவர்களுக்குக் குழுக் கூட்டத்திலும் நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும் வாசித்துக் காட்டுங்கள். பதில் சொன்னவர்களுக்கு முடிவைச் சொல்லவில்லையென்றால் அடுத்த முறை கதவைத் திறக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து, புதிதாகச் சீட்டுக் குலுக்கி, அதே கேள்விகளை ஒரு வார்த்தைகூட மாற்றாமல் மறுபடி கேளுங்கள். கேள்வியின் வார்த்தையை மாற்றிவிட்டால், பதில் மாறியது ஆஸ்பத்திரி மாறியதாலா கேள்வி மாறியதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.