ஸ்விட்ச் மாற்றியும் தேடல் நகரவில்லையே!

கேள்வி: வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஃபைல் கிடங்கு) வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோ, ஸ்கேன் செய்த பத்திரங்கள், அப்பா சேர்த்த பாட்டுகள் என்று 2 லட்சம் ஃபைல், 15,000 ஃபோல்டர் இருக்கும். விண்டோஸில் இசட் டிரைவாக இணைத்து ‘பட்டா’ என்று தேடினால் ஐந்து நிமிடம் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வேகமான நெட்வொர்க்குக்கான கேட்-6 கேபிள், கிகாபிட் ஸ்விட்ச் எல்லாம் மாற்றியாயிற்று. அடுத்து எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். ஸ்விட்சுக்குக் கொடுத்த காசே இந்த வேலைக்கு வீண்தான் (இதே காரணத்துக்காக வீடு முழுக்கக் கேபிள் மாற்றியவன் நான், கேலி செய்ய உரிமையில்லை). ஊரிலிருக்கும் அம்மாவுக்கு போன் போட்டு, ‘பீரோவில் முதல் தட்டில் என்ன இருக்கு? சரி, இரண்டாம் தட்டில்?’ என்று தட்டு தட்டாகக் கேட்பீர்களா, ‘பட்டா எங்கேம்மா?’ என்று ஒரே கேள்வியாகக் கேட்பீர்களா? விண்டோஸில் ஃபைல்களைக் காட்டும் எக்ஸ்புளோரர் முதல் வகை. நெட்வொர்க் டிரைவுக்கு அதனிடம் இண்டெக்ஸ் (எது எங்கே என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணை) கிடையாது, அதனால் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பெயர்ப் பட்டியல் வாங்கிப் பார்க்கிறது.

அந்தப் பட்டியல்கள் டிஸ்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் (7200 ஆர்பிஎம்) டிஸ்க் ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லிசெகண்ட், டிஸ்கைப் படிக்கும் முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு இடத்துக்குப் போய் நிற்க ஏறக்குறைய 12. செகண்டுக்கு 80 ஃபோல்டர் என்று வையுங்கள், 15,000-க்கு மூன்று நிமிடம் அதிலேயே போய்விடும். இதில் கேபிள் என்ன செய்யும், பாவம். நம்பிக்கை இல்லையென்றால் அதே தேடலை உடனே இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சட்டென்று முடிந்தால் பட்டியல்கள் இப்போது நாஸின் ரேமில் (டிஸ்கைவிடப் பல மடங்கு வேகமான தற்காலிக நினைவகம்) இருக்கின்றன என்று அர்த்தம்.

முதலில் காசில்லாத வேலை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘சர்ச்’ பகுதிக்குப் போய், இண்டெக்ஸ் இல்லாத இடங்களில் ஃபைலின் உள்ளடக்கத்தையும் தேடு என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் பெயரோடு நிற்காமல் ஃபைலுக்கு உள்ளேயும் தேடப் போகும், அதற்கான டேட்டா எல்லாம் கேபிள் வழியாக உங்கள் கணினிக்கு வந்தாக வேண்டும்.

அப்புறம், தேடும் வேலையை நாஸிடமே விட்டுவிடுங்கள். பெட்டி சினாலஜி கம்பெனியுடையது என்றால் ‘யுனிவர்சல் சர்ச்’, கியூநாப் என்றால் ‘கியூசிர்ச்’ என்ற தேடல் செயலி. எந்தெந்த ஃபோல்டர் என்று காட்டிவிட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், முதல் முறை இண்டெக்ஸ் போடும்போது பெட்டி திணறத்தான் செய்யும். அப்புறம் பிரவுசரில் தேடினால் போதும். சொந்தமாக லினக்ஸ் போட்ட பெட்டியா, ‘பிலோகேட்’ நிறுவுங்கள், பெயர்ப் பட்டியலை அதுவே தினமும் புதுப்பித்துக்கொள்ளும்.

பிரவுசரெல்லாம் எதற்கு, என் கணினியிலேயே வேண்டும் என்றால் ‘எவ்ரிதிங்’ என்ற இலவச மென்பொருள். என் ஓட்டு இதற்குத்தான். ஆப்ஷன்ஸில் இண்டெக்ஸஸ், அதற்குள் ஃபோல்டர்ஸ், அங்கே இசட் டிரைவைச் சேருங்கள். முதல் ஸ்கேன் பொறுமையைச் சோதிக்கும், பிறகு ‘பட்டா’ என்று அடித்து முடிக்கும் முன்னே ஃபைல் கண்முன் நிற்கும். ஒரு குறை: இன்று நாஸில் போட்ட ஃபைல் அடுத்த ஸ்கேன் வரை தெரியாமல் போகலாம், ஆகவே ஸ்கேன் நேரத்தைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும் வேளையாகப் பார்த்து வையுங்கள்.

இவ்வளவும் செய்து போதவில்லையென்றால் முதலில் ரேம் கூட்டுங்கள். எஸ்எஸ்டி கேஷ் (அடிக்கடி தேவைப்படுவதை எஸ்எஸ்டியில் நகல் வைத்துக்கொள்வது) அப்புறம்.

கேள்வி: பழைய மேக் கணினியிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி போட்டு நாஸுக்கு நகலெடுத்த ‘கொலு 2015’ ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் வரவில்லை! (வாசகி, மதுரை)

பதில்: உங்கள் தப்பில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ‘கொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய ஃபைல் அமைப்பு முறையில் டிஸ்க் உள்ள மேக் பிரித்துத்தான் சேமிக்கும், நீங்கள் விண்டோஸில் தட்டுவது சேர்ந்தது. ‘கோ’, ‘கௌ’ வரிசைக்கும் இதே கதைதான். இப்போதைக்கு ‘லு 2015’ என்று தேடுங்கள், சிக்கிவிடும். நிறைய இருந்தால் லினக்ஸில் ‘கன்வ்எம்வி’ என்ற கருவியால் மொத்தமாகச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடலாம். அதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.