ஏழை நாடுகளுக்கு ஆளுக்கொரு கதிர்வீச்சு மெஷின் வாங்கிக் கொடுத்தால் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு குறையாதா?

குறையும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குறையாது. கதிர்வீச்சுத் துறையில் இயற்பியலாளராக வேலை பார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்வதென்றால் மெஷின் வந்து இறங்கிய பிறகுதான் செலவும் தலைவலியும் ஆரம்பிக்கும்.

உகாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக்கே ஒரே ஒரு கதிர்வீச்சு மெஷின்தான் இருந்தது, கோபால்ட் என்ற கதிரியக்க உலோகத்தை வைத்து ஓடுவது, 1995-இல் சீனா கொடுத்தது, தலைநகர் கம்பாலாவில் முலாகோ மருத்துவமனையில். பக்கத்து நாடுகளிலிருந்தும் அதை நம்பித்தான் ஆட்கள் வருவார்கள். 2016-இல் அது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், புது மெஷினுக்கு ஏற்கெனவே ஏற்பாடு நடந்திருந்தது, அதை வைக்கிற கனத்த கான்கிரீட் சுவர் போட்ட பங்கர்தான் தயாராக இல்லை. பக்கத்து நாடான கென்யாவில், நைரோபியில் ஆகா கான் மருத்துவமனை 400 பேருக்கு இலவசமாகச் சிகிச்சை தருகிறோம் என்றது, ஆனால் எல்லை தாண்டிப் போய் வாரக்கணக்கில் தங்க எத்தனை பேரால் முடியும்? புது மெஷின் ஓட ஆரம்பிக்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது.

தடுப்பூசிதான் வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். அது 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, பலன் முழுசாகத் தெரியப் பல வருஷம் ஆகும். 2022-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, 3,50,000 பேர் இறந்தார்கள், அதில் நூற்றுக்கு 94 பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இப்போது நாற்பது ஐம்பது வயதில் இருக்கிறவர்களுக்கு, நோய் முற்றி ஆபரேஷன் செய்ய முடியாத கட்டத்தில், கரண்ட் வைப்பதும், அதாவது கதிர்வீச்சு கொடுப்பதும், கூடவே வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுவதும்தான் வழி.

அப்புறம், யாரும் அதிகம் பேசாத பாதி ஒன்று உண்டு, பிராக்கிதெரபி. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சுவது மட்டும் இந்த நோய்க்குப் போதாது, கருப்பை வாய்க்குள்ளேயே குழாய் பொருத்தி அதன் வழியே கதிரியக்கத் துணுக்கை அனுப்ப வேண்டும். அரிசியைவிடச் சின்னது, ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது இரிடியம், அதன் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும். புதிதாக வந்தபோது ஐந்து நிமிஷத்தில் கொடுத்த அதே அளவைக் கொடுக்க இரண்டரை மாசம் கழித்துப் பத்து நிமிஷம் ஆகும், அதுவரை அந்தப் பெண் குழாயோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதனால் மூன்று நாலு மாசத்துக்கு ஒரு தடவை புதுசு வாங்கியாக வேண்டும், ஒவ்வொரு தடவையும் இறக்குமதி அனுமதி, சுங்கம், டாலரில் பணம். ஒரு தவணை தள்ளிப்போனாலும் நோயாளிகள் வரிசையில் நிற்பார்கள். இதற்கே கோபால்ட் துணுக்கு போட்ட கருவியும் இருக்கிறது, அதன் வீரியம் பாதியாக ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். நாட்டுக்கு ஒரே மையம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

சரி, எல்லாம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளிக்கதிர் சுமார் 25 தடவை, திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து வாரம். பிராக்கிதெரபியும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும், இழுத்தால் பலன் குறையும். இரண்டு மூன்று வாரத்திலேயே இரத்தப்போக்கு நின்றுவிடும், அங்கேதான் சிக்கல். குணமாகிவிட்டது என்று நினைத்து ஊருக்குக் கிளம்பிவிடுகிறவர்களை எங்கள் வார்டிலேயே பார்க்கிறேன், கேட்டால் நடவு இருக்கிறது சார், வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்பார்கள். பஸ் வசதியும் காப்பீடும் உள்ள நம் ஊரிலேயே இப்படியென்றால் வட உகாண்டாவில் ஒரு கிராமத்திலிருந்து கம்பாலா வருகிறவர் என்ன செய்வார்?

சர்வதேச அணுசக்தி முகமை 2022-இல் ஆப்பிரிக்காவை முன்னிட்டு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, கருவியோடு பயிற்சியும் சேர்ந்தது, அது சரியான போக்கு. கொடுக்க மனசுள்ள நாடு என்னிடம் கேட்டால், மெஷினோடு பத்து வருஷ சர்வீஸ் ஒப்பந்தம், துணுக்கு மாற்றுகிற செலவு, இரண்டு இயற்பியலாளர்களின் சம்பளம், மருத்துவமனைக்குப் பக்கத்தில் சமையலறையோடு ஒரு தங்கும் விடுதி, இவ்வளவையும் ஒரே பில்லில் போடுங்கள் என்பேன். விடுதிதான் அதில் மலிவு, அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.