பொக்லைனில் ‘கம்யூனிகேஷன் எரர்’: 1,80,000 ரூபாய் பெட்டி வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட் ரோடு வேலைக்கு பொக்லைன் ஓட்டுகிறேன். செகண்ட் ஹேண்ட், ஒரே வண்டி, நானே ஆபரேட்டர், ஹெல்ப்பர் பையன் ஒருத்தன். ஒரு மாதமாகக் காலையில் சாவி போட்டால் டிஸ்ப்ளேயில் ‘கம்யூனிகேஷன் எரர்’ வருகிறது, ஆர்பிஎம் ஏற மாட்டேன் என்கிறது, பத்து மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. சேலத்திலிருந்து வந்த மெக்கானிக் டிஸ்ப்ளே போச்சு என்று 62,000 ரூபாய்க்கு மாற்றினார். எரர் போகவில்லை. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் பெட்டி, இசிஎம் போச்சு, 1,80,000 ஆகும் என்கிறார். வாங்கலாமா? டிஸ்ப்ளே காசைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். பத்து மணிக்கு மேல் சரியாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பனிமூட்டத்தில் நின்ற வண்டி வெயில் ஏறிக் காய்ந்ததும் ஒழுங்காகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கப்ளரையும் (ஒயர்களை இணைக்கும் சொருகி) ஒயரையும்தான். பெட்டிக்குள்ளும் ஈரம் போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் மல்டிமீட்டரில் தெரிந்துவிடுகிற விஷயத்துக்கு ஒவ்வொரு பெட்டியாக மாற்றிப் பார்ப்பது ரிப்பேர் இல்லை, உங்கள் காசில் சீட்டாட்டம்.

டிஸ்ப்ளே, இசிஎம், ஹைட்ராலிக் கன்ட்ரோலர் எல்லாமே ஒரு ஜோடி ஒயரில்தான் பேசிக்கொள்கின்றன. கேன் லைன் என்பார்கள், போஷ் கம்பெனி 1986ல் கார்களுக்காக வெளியிட்டது, கனரக வண்டிகளில் அதன்மேல் ஜே1939 என்ற முறை ஓடுகிறது. முறுக்கிவிட்ட இரண்டு ஒயர், பெரும்பாலும் மஞ்சள் ஹை, பச்சை லோ. லைனின் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர், சில வண்டியில் தனிக் கப்ளராக, சில வண்டியில் பெட்டிக்குள்ளேயே. இரண்டும் பேரலலில் இருப்பதால் மீட்டரில் 60 காட்ட வேண்டும்.

மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் விட்டு, கேபினில் வட்டமான 9 பின் டயக்னாஸ்டிக் கப்ளர் இருந்தால் அதில் சி, டி என்ற இரண்டு பின்னுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 60க்குப் பக்கத்தில் இருந்தால் லைன் முழுசாக இருக்கிறது. 120 என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கிறது. 40 என்றால் பழைய ஓனர் காலத்தில் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைக் காலை ஆறரைக்கு, எரர் இருக்கும்போதே பாருங்கள், அதுதான் முக்கியம். மெக்கானிக் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து சேர்வதற்குள் பனி காய்ந்து வண்டி சாதுவாகிவிடும், அவர் எதைப் பார்த்துச் சொல்வார்? ஊகித்துத்தான் சொல்லியிருப்பார்.

அப்புறம் ஆட்டிப் பார்க்கும் வேலை. நீங்கள் மீட்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பையன் சீட்டுக்குப் பின்னாலிருந்து இன்ஜின் வரை ஒயரிங்கை அங்கங்கே பிடித்து அசைக்கட்டும். 60 திடீரென்று 120க்கு எகிறினால் அந்த இடம்தான். என் மச்சான் டிப்பரில் இப்படித்தான் கிடைத்தது. கப்ளரைப் பிரித்தால் ஒரே ஒரு பின்னில் கடுகளவு பச்சை பூத்திருந்தது, பக்கத்து ரப்பர் சீல் பாதி கிழிந்திருந்தது, பிரஷர் வாஷ் அடித்த புண்ணியம். காண்டாக்ட் கிளீனரும் புது சீலும் போட்டதோடு முடிந்தது.

ஓம் சரியாக இருந்தால் சாவி போட்டு வோல்டேஜ் பாருங்கள். பாடி எர்த்திலிருந்து ஹை 2.5க்குச் சற்று மேலே, லோ சற்றுக் கீழே, இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 5. அதுவும் சரி என்றால் இசிஎம்முக்குப் போகும் 24 வோல்ட்டும் எர்த்தும் ஸ்டார்ட் அடிக்கும்போது தாங்குகிறதா என்று பாருங்கள், குளிரில் சோர்ந்த பேட்டரியும் இதே எரரைக் கொடுக்கும். எரர் கோடு இன்னார் பேசவில்லை என்று சொன்னால் புகார் சொல்கிற பெட்டி உயிரோடு இருக்கிறது, யாரைப் பற்றிய புகாரோ அந்தப் பக்க ஒயரைத் தேடுங்கள். இத்தனையும் பார்த்த பிறகு இசிஎம்தான் என்றால் சரி, மாற்றுங்கள். ஆனால் பக்கெட் பல் வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றினீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புதுசும் போகலாம்.

இனி காசு. “டிஸ்ப்ளே போயிருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தாரா, பழைய டிஸ்ப்ளேயைத் திருப்பித் தந்தாரா, பில் இருக்கிறதா? பழசு கையில் இருந்தால் உடனே அதைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். அதே மாதிரி வேலை செய்தால் உங்கள் கையில் இருக்கிற பெரிய ஆதாரம் அதுதான், ஹெல்ப்பர் பையன் முன்னால் வீடியோ எடுத்து வையுங்கள்.

“வியாபார வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை” என்று எதிர்ப்பக்கம் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களை விலக்கவில்லை. தானே இயந்திரத்தை ஓட்டிப் பிழைப்பவர் உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்திருந்தாலும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லியிருக்கிறது. நாலு வண்டி வைத்து ஆபரேட்டர் போட்டு ஓட்டுகிறவருக்கு இது கஷ்டம், உங்களுக்குப் பொருந்தும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில்லே வாங்கவில்லை என்றால் பணம் அனுப்பிய யுபிஐ ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் இருக்கிறதா என்று தேடுங்கள், அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: ஓமலூரில் இரண்டு வண்டி வைத்திருக்கிறேன். ‘எல்லா ஹெவி வண்டிக்கும்’ என்று ஆன்லைனில் மலிவாக ஸ்கேனர் வருகிறதே, வாங்கலாமா?

பதில்: இன்ஜின் கோடு படிக்க மட்டும் என்றால் வாங்கலாம், ஜே1939 பொதுவான முறை என்பதால் எந்தப் பகுதி என்று சொல்லும் எஸ்பிஎன், என்ன கோளாறு என்று சொல்லும் எஃப்எம்ஐ நம்பர்களைக் காட்டும். எஸ்பிஎன் 639 வந்தால் அது கேன் லைனைப் பற்றிய புகார். ஆனால் ஹைட்ராலிக் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை மலிவு ஸ்கேனர் தொடாது, பெட்டி மாற்றினால் புரோகிராம் போடவும் அதனால் ஆகாது. காருக்கான 12 வோல்ட் சாதனத்தைக் கப்ளர் மாற்றித் தருகிறவர்களும் உண்டு, 24 வோல்ட்டில் சொருகினால் புகைதான். உங்கள் வண்டியிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.