பப்பில் ‘ஆர்எஸ்ஏ மார்ஷல்’ வேலை: செக்யூரிட்டி லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: சிட்னியில் முதுகலை படிக்கிறேன். பாரமட்டா பக்கம் ஒரு பப்பில் ஒரு வருடமாகப் பகுதிநேர பார் வேலை. அடுத்த மாதத்திலிருந்து வெள்ளி, சனி இரவுகளில் ‘ஆர்எஸ்ஏ மார்ஷல்’ ஆக, அதாவது மது பொறுப்போடு பரிமாறப்படுகிறதா என்று கவனிப்பவராக, நிற்கச் சொல்கிறார் மேனேஜர். என்னிடம் செக்யூரிட்டி லைசென்ஸ் கிடையாது. ஆளும் ஒல்லி. குடித்துவிட்டுத் தகராறு செய்பவனை நான் எப்படி வெளியே தள்ளுவது? ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக இருப்பது இந்த வேலைக்கு ஒரு குறையே இல்லை, ஏனென்றால் நீங்கள் யாரையும் தள்ளவே கூடாது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஆளைப் பிடித்து வெளியேற்றுவது, வாசலில் பையைச் சோதிப்பது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது எல்லாம் லைசென்ஸ் உள்ள செக்யூரிட்டியின் வேலை. மார்ஷல் அதில் இறங்காதவரை அந்த லைசென்ஸ் தேவையில்லை. பார் வேலைக்காக உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆர்எஸ்ஏ பயிற்சி கார்டு போதும். அது 5 வருடம்தான் செல்லும், தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். “இன்றைக்கு பவுன்சர் ஒருத்தர் வரவில்லை, வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்” என்று மேனேஜர் சொல்லும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அப்படியானால் மார்ஷல் எதற்கு? பாருக்குப் பின்னால் நின்ற உங்களுக்கே தெரியும், ஒரு முகத்தை அரை நிமிடம்கூடப் பார்க்க நேரமிருக்காது. அதுவும் இங்கே ‘ஷவுட்’ பழக்கம்: ஒரு ரவுண்டுக்கு ஒருவர் என்று மாறி மாறி வாங்குவார்கள். நிதானமாக இருப்பவர் வந்து நாலு கிளாஸ் வாங்கிப் போவார். மேசையில் சாய்ந்து கிடப்பவர் பார் பக்கமே வரமாட்டார். அவரைப் பார்ப்பதற்குத்தான் மார்ஷல். இரவு நெடுநேரம் திறந்திருக்கும் சில இடங்களில், இத்தனை மணிக்கு மேல் மார்ஷல் இருந்தே ஆகவேண்டும் என்று கடையின் மது லைசென்ஸிலேயே நிபந்தனை இருக்கும். உங்கள் பப்பில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த மாநிலத்தின் 2007 மதுச் சட்டம் இரண்டையும் குற்றம் என்கிறது: போதையில் இருப்பவருக்கு ஊற்றிக்கொடுப்பது, கடைக்குள் ஒருவருக்குப் போதை ஏற விடுவது. அதிகபட்ச அபராதம் 11,000 டாலர். உள்ளே ஒருவர் போதையில் இருந்தாலே கடையின் மது லைசென்ஸ் வைத்திருப்பவர் அதை அனுமதித்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தகுந்த நடவடிக்கை எடுத்தோம் என்று காட்ட வேண்டியது அவர் பொறுப்பு. ஊற்றிக்கொடுத்த ஊழியரும் மாட்டுவார். மேனேஜர் சொன்னார், ஊற்றினேன் என்பது செல்லாது.

போதை என்று எதை வைத்து முடிவு செய்வது? ஊதச் சொல்லும் மெஷினெல்லாம் கிடையாது. பேச்சு, நிற்கும் நிலை, கைகால் ஒத்துழைப்பு, நடத்தை இவற்றில் ஏதாவது பார்த்தாலே தெரியும் அளவுக்கு மாறியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் குடிதான் என்று நம்புவதற்கு நியாயமும் இருக்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை மறந்தேன். தனியாக உட்கார்ந்திருந்தவர், வியர்த்துக் கொட்டுகிறது, வாய் குழறுகிறது. இனி இவருக்கு ஊற்றாதே என்று பாரில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் மேசையில் இருந்தது முக்கால்வாசி நிரம்பிய ஒரே கிளாஸ். சர்க்கரை நோயாளி, சர்க்கரை இறங்கியிருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸ். அன்றிலிருந்து எத்தனை குடித்தார் என்று தெரியாமல் நான் தீர்ப்பு சொல்வதில்லை.

எண்ணுவதற்கு ஒரு கணக்கு. ஆஸ்திரேலியாவில் ஒரு ‘ஸ்டாண்டர்டு டிரிங்க்’ என்றால் 10 கிராம் ஆல்கஹால். சாதாரண பீர் ஒரு ஸ்கூனர், அதாவது 425 மில்லி, கிட்டத்தட்ட 1.6 ஸ்டாண்டர்டு டிரிங்க். உடம்பு மணிக்கு ஏறத்தாழ ஒன்றைத்தான் கரைக்கும். ஒன்றரை மணி நேரத்தில் 4 ஸ்கூனர் என்றால் கிட்டத்தட்ட ஆறரை உள்ளே போயிருக்கிறது, கரைந்தது ஒன்றரை. ஆள் அந்த நிமிடம் நன்றாகத்தான் பேசுவார். கடைசி கிளாஸ் இன்னும் ஏறவில்லை. நீங்கள் போக வேண்டிய நேரம் அதுதான், அரை மணி கழித்து அல்ல.

எப்படிப் போவது? தண்ணீர் ஜக்கோடு போங்கள். வெறுங்கையோடு வந்து நிற்பவன் போலீஸ் மாதிரி இருப்பான், தண்ணீர் ஊற்றுபவனை யாரும் முறைப்பதில்லை. மேட்ச் ஸ்கோர் கேளுங்கள், பதில் வரும் வேகத்தைக் கவனியுங்கள். கிச்சன் மூடப்போகிறது, சிப்ஸ் ஏதாவது சொல்லட்டுமா என்று கேளுங்கள். நிறுத்தியாக வேண்டும் என்றால் நண்பர்கள் முன்னால் சொல்லாதீர்கள், அவர்களில் தெளிவாக இருக்கும் ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ‘குடிபோதை’ என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது. “இனிமேல் இங்கே ஊற்றினால் எனக்குத்தான் அபராதம்” என்றால் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள்.

அதற்கும் மசியாவிட்டால் எல்லா பாருக்கும் தகவல், அப்புறம் மேனேஜர், அப்புறம் செக்யூரிட்டி. வெளியேற்றப்பட்டவர் 24 மணி நேரம் உள்ளே வரக்கூடாது. கடையிலிருந்து 50 மீட்டருக்குள் நிற்கவும் கூடாது, 6 மணி நேரத்துக்கு அந்த எல்லைக்குள் திரும்பவும் கூடாது. போக மறுத்தால் போலீஸ். எழுப்பியும் எழாமல் கிடப்பவரைத் தூங்கட்டும் என்று விடாதீர்கள், உடனே அவசர எண் 000.

மேனேஜரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். கூட்டம் நெரியும்போது உங்களை பாருக்குள் இழுத்து பீர் ஊற்றச் சொல்லக்கூடாது, அந்த நேரம்தான் மார்ஷல் தேவைப்படும் நேரம். அடுத்து, நீங்கள் நிறுத்தச் சொன்னவருக்கு வேறு யாரும் ஊற்றக்கூடாது. இதில் இழுத்தடித்தால் வேலையை யோசியுங்கள்.

பிறகு நோட்டு. வாரம் ஒருமுறையாவது நள்ளிரவு தாண்டி நடத்தும் கடைகள் சம்பவப் பதிவேடு வைத்தாக வேண்டும். “நல்ல போதை, வெளியேற்றினோம்” என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. இப்படி எழுதுங்கள்: “11.40. டார்ட் போர்டு பக்க மேசை, நீலச் சட்டை. பேச்சு குழறல், நாற்காலியில் இருமுறை இடித்தார். 9.30 முதல் 5 ஸ்கூனர். தண்ணீர் கொடுத்தேன், இரு பாருக்கும் சொன்னேன். 11.55 நண்பருடன் டாக்ஸியில் கிளம்பினார்.”