வணிகவியல், சமூக அறிவியல் மாணவர்கள் முதலாண்டுக் கணிதத் தாளில் எதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும்?

கேட்டவர் வணிகவியல் முதலாண்டு மாணவர். பள்ளியோடு கணிதம் முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்தவருக்கு இப்போது சார்புகள், மடக்கை, வகையிடல், தொகையீடு, அணிகள், நேரியல் திட்டமிடல் அனைத்தும் ஒரே தாளில் வந்து நிற்கின்றன. எதை ஆழமாகப் படிப்பது, எதை மேலோட்டமாக விடுவது என்பது அவருடைய கேள்வி. இத்தகைய தாளைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். கிடைத்த விடையை அலகோடு சேர்த்து ஒரு முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா என்பதுதான் ஒரு பாடம் புரிந்ததற்கு நான் வைக்கும் அளவுகோல். அந்த அளவுகோலின்படி பார்த்தால் எல்லாப் பாடங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல.

புதிய பாடங்களுக்கு முன்பாக இயற்கணிதத்துக்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். வகையிடல் கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் வகையிட்டு முடித்த பிறகு, சமன்பாட்டைத் தீர்க்கும் கடைசி வரிகளில்தான். கழித்தல் குறிக்குப் பின் வரும் அடைப்பைப் பிரிக்கும்போது குறியை மாற்ற மறப்பது, பகுதியில் உள்ள கூட்டலைத் துண்டாக்கி இரண்டு பின்னங்களாக எழுதுவது, கூட்டுத்தொகையின் மடக்கையை மடக்கைகளின் கூட்டுத்தொகை என்று கொள்வது ஆகிய மூன்றும் விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

அடுத்தது சதவீதம். இதைப் பள்ளிப் பாடம் என்று ஒதுக்குபவர்களே இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். வட்டி வீதம் 4 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்ந்தால் அது 1 சதவீதப் புள்ளி உயர்வு. அதையே 25 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம், இரண்டும் சரி, ஆனால் எதன்மேல் கணக்கிட்டோம் என்பதைச் சொல்லாவிட்டால் இரண்டுமே பயனற்றவை. 50 சதவீதம் ஏறி, பிறகு 50 சதவீதம் இறங்கிய ஒரு தொகை பழைய நிலைக்கு வருவதில்லை; தொடக்கத் தொகையில் 75 சதவீதமே மிஞ்சும். மடக்கை இங்கேதான் பயன்படுகிறது. ஒரு தொகை இரட்டிப்பானால் அதன் இயல் மடக்கை ஏறத்தாழ 0.693 கூடுகிறது; பாதியானால் அதே 0.693 குறைகிறது. ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவுகோலில் வந்துவிடுவதால்தான் நீண்டகால வளர்ச்சியைப் பொருளியலாளர்கள் மடக்கை அளவில் வரைகிறார்கள். அந்த 0.693 தெரிந்துவிட்டால், ஆண்டுக்கு 7 சதவீதம் கூட்டு வளர்ச்சி பெறும் ஒன்று பத்தாண்டுகளைச் சற்றே தாண்டி இரட்டிப்பாகும் என்பதையும் அதை 1.07இன் இயல் மடக்கையால் வகுத்து, வாய்பாடு மனப்பாடம் இல்லாமலே கணக்கிடலாம்.

இந்தத் தாளின் நடுப்புள்ளி வகையிடல். அதையும் விதிகளின் பட்டியலாகப் படிக்காமல், இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஓர் அலகு செய்ய ஆகும் கூடுதல் செலவு, என்ற ஒரே கருத்தின் வழியாகப் படிக்கச் சொல்வேன். ஒரு தொழிற்கூடத்தின் மொத்தச் செலவு, உற்பத்தி எண்ணிக்கையின் வர்க்கம், அதே எண்ணிக்கையின் 4 மடங்கு, மாறாச் செலவு 100 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை என்று வைத்துக்கொள்வோம். 5 அலகு உற்பத்தி செய்தால் மொத்தச் செலவு 145, சராசரிச் செலவு 29. 20 அலகு செய்தால் மொத்தச் செலவு 580, சராசரி அப்போதும் 29. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு நிலைகளும் ஒன்றே. வகையிட்டுப் பார்த்தால் எண்ணிக்கையின் இரு மடங்கோடு 4 கூடும். எனவே இறுதிநிலைச் செலவு முதல் நிலையில் 14, இரண்டாவதில் 44. முதல் நிலையில் இன்னும் ஓர் அலகு செய்வது சராசரியைக் கீழே இழுக்கும், இரண்டாவதில் மேலே தள்ளும். 10 அலகில் இரண்டும் 24 ஆகச் சந்திக்கின்றன. சராசரிச் செலவு மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான்.

இதே எடுத்துக்காட்டை இன்னும் சற்று நீட்டலாம். 5 அலகு செய்துகொண்டிருக்கும்போது, கூடுதலாக ஒன்றை மட்டும் 20க்கு வாங்கிக்கொள்ள ஒருவர் வருகிறார். சராசரி 29 என்பதால் நட்டம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் 6 அலகின் மொத்தச் செலவு 160. ஆறாவது அலகுக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவு 15 மட்டுமே. ஏற்கெனவே விற்பவற்றின் விலை இதனால் பாதிக்கப்படாது என்றால் அந்த விற்பனையை ஏற்பதில் ஆதாயம் உண்டு. வகையிடல் தந்த 14க்கும் உண்மையான 15க்கும் இடையே ஏன் ஒன்று இடிக்கிறது என்று கேட்கும் மாணவர், எல்லை மதிப்பு என்ற பாடத்தின் பாதியைத் தானாகவே புரிந்துகொண்டுவிட்டார்.

இடையே ஓர் எச்சரிக்கை. கணித வகுப்பில் சாராத மாறி கிடை அச்சில் இருக்கும். பொருளியல் வகுப்பிலோ, 1890இல் ஆல்ஃபிரட் மார்ஷல் நிலைநிறுத்திய வழக்கப்படி விலை செங்குத்து அச்சில் இருக்கும். தேவைக் கோட்டின் சாய்வைப் படத்திலிருந்து எடுத்து நெகிழ்ச்சிக் கணக்கில் (விலை மாறும்போது தேவை எந்த அளவுக்கு மாறுகிறது என்ற கணக்கில்) அப்படியே போட்டால் விடை தலைகீழாகும்.

தொகையீடு தமக்கு எதற்கு என்று கேட்கும் சமூகவியல் மாணவர்களுக்கு நான் காட்டுவது லோரன்ஸ் வளைகோடு. 1905இல் மாக்ஸ் லோரன்ஸ் முன்வைத்த இந்த வளைகோடு, மக்களை வருமான ஏறுவரிசையில் நிறுத்தி, கீழிருந்து இத்தனை பங்கு மக்களிடம் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு இருக்கிறது என்று காட்டுகிறது. ஒரு சமூகத்தில் வருமானப் பங்கு, மக்கள்தொகைப் பங்கின் வர்க்கமாக இருக்கிறது என்று கொள்வோம். கீழ்ப்பாதி மக்களுக்கு 25 சதவீத வருமானம் சேரும். மேல்தட்டுப் பத்து சதவீதத்தினருக்கு 19 சதவீதம் சேரும். தொகையிட்டால் வளைகோட்டின் கீழுள்ள பரப்பு மூன்றில் ஒன்று. முழுச் சமத்துவக் கோட்டின் கீழுள்ள பரப்பான பாதியிலிருந்து இதைக் கழித்து, வரும் ஆறில் ஒன்றை இரட்டிப்பாக்கினால், வருமான ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் சொல்லும் கினி கெழு 0.33 என்று கிடைக்கிறது. இத்தாலியப் புள்ளியியலாளர் கொராடோ கினி 1912இல் தந்த அளவீடு இது. பரப்பு காண்பது எதற்கு என்ற ஐயம் இதற்குப் பிறகு எழுவதில்லை.

அணிகளில் பெருக்கலின் பொருளை விளங்கிக்கொண்டு, இரண்டுக்கு இரண்டு அணியின் நேர்மாறைக் கையால் போடத் தெரிந்தால் பெரும்பாலும் போதுமானது. ஒரு துறையின் உற்பத்தி மற்றொரு துறைக்கு உள்ளீடாவதை அணியாக எழுதிய ஆய்வுக்காக வாசிலி லியோன்டீஃப் 1973இல் பொருளியல் நோபல் பெற்றார். பெரிய அணிகளின் நேர்மாறைக் கணினியே கண்டு சொல்லும். கட்டுப்பாடுகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேடும் நேரியல் திட்டமிடலில் இரண்டு மாறிகளுக்கான வரைபட முறையை நன்றாகப் பழகுங்கள். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறை தாளில் இருந்தால், அதன் ஒவ்வொரு படியும் அந்த வரைபடத்தில் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்வதே என்று தெரிந்த பிறகு அட்டவணைகளைத் தொடலாம். முக்கோணவியல் சார்புகளையும் பகுதித் தொகையீட்டு உத்திகளையும், உங்கள் பாடத்திட்டம் வெளிப்படையாகக் கேட்டாலொழிய, கடைசிக்கு விட்டுவிடுங்கள்.