டெராஹெர்ட்ஸ், ஃபெம்டோ விநாடி, கடற்காற்று: கேட்டவர்களுக்குப் பதில்

புதுச்சேரியில் குறைக்கடத்திகளை லேசர் துடிப்புகளால் ஆராய்கிறேன். வந்த கேள்விகளில் நான்கு.

முத்தியால்பேட்டை தம்பி: டெராஹெர்ட்ஸும் எக்ஸ்ரே மாதிரி ஆபத்தா அக்கா?

இல்லை தம்பி. மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் உள்ள அலை அது, ஏறத்தாழ 0.1 முதல் 10 டெராஹெர்ட்ஸ் வரை (ஒரு டெராஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு ஒரு லட்சம் கோடி அதிர்வு). 1 டெராஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின், அதாவது ஒளித்துகளின், ஆற்றல் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான், அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க அது எந்த மூலைக்கும் போதாது.

கடலூர் முதுநகர், எம்.எஸ்சி. மாணவி: 100 ஃபெம்டோ விநாடியை எந்தக் கடிகாரத்தால் அளக்கிறீர்கள்?

ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு. அதற்குக் கடிகாரமே கிடையாதும்மா, நேரத்தைத் தூரமாக மாற்றிவிடுகிறோம். லேசர் துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தித் துண்டின் மேல் விழவைப்போம், ஏற்கெனவே மின்னழுத்தம் கொடுத்திருப்பதால் விடுபட்ட எலக்ட்ரான்கள் சட்டென்று ஓடும், அந்தத் திடீர் மின்னோட்டம்தான் டெராஹெர்ட்ஸ் அலையைக் கிளப்புகிறது. இன்னொரு துடிப்பு, எதிரே உள்ள உணரியை அந்த ஒரு கணம் மட்டும் விழிக்கவைக்கும். அதன் வழியில் இருக்கும் கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர், அதாவது தலைமுடித் தடிமனில் கால்வாசிகூட இல்லை, பின்னால் தள்ளினால் ஒளி போய்த் திரும்ப 30 மைக்ரோமீட்டர் கூடுகிறது, 100 ஃபெம்டோ விநாடி தாமதம். விநாடிக்குச் சுமார் 8 கோடி துடிப்புகள் வருவதால் கண்ணாடியை நகர்த்தி நகர்த்தி அலையைப் புள்ளி புள்ளியாக வரைந்துவிடலாம். பெல் ஆய்வகத்தில் டேவிட் ஆஸ்டன் போட்டுக்கொடுத்த வழி இது. முதன்முதலில் அந்த அலை திரையில் எழுந்ததைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

வில்லியனூரிலிருந்து ஒருவர்: நம் ஊர் ஈரக்காற்று தொந்தரவு தராதா மேடம்?

தரும், ரொம்பவே. நீராவி இந்த அலைகளை விழுங்கிவிடும். ஒரு ஐப்பசியில், மூடிய பெட்டிக்குள் ஒரு மாதிரியை வைத்து அளந்தபோது 0.557, 1.097 டெராஹெர்ட்ஸ் இரண்டிலும் அலையின் வலிமை குறைந்து வரைபடத்தில் பள்ளம் விழ, மாதிரியின் குணம் என்று நம்பி இரண்டு நாள் கணக்குப் போட்டேன். அப்புறம் மாதிரியை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை அளந்தால் அதே பள்ளம்! பெட்டிக் கதவின் ரப்பர் தளர்ந்து ஈரக்காற்று உள்ளே புகுந்திருந்தது. இப்போது உலர் நைட்ரஜனை நிரப்பாமல் எதையும் அளப்பதில்லை.

பண்ருட்டி முந்திரி வியாபாரி: பருப்பின் ஈரத்தை இதில் பார்க்கலாமா?

நீரை உணர்வதில் இது கெட்டி ஐயா, 1995-லேயே இலையில் உள்ள ஈரத்தை இப்படிப் படமெடுத்துவிட்டார்கள். ஆனால் முழுப் பருப்பு தடிமன், அலை ஊடுருவாது. மெல்லிய சீவலாக, காய்ந்ததில் கொஞ்சம், காயாததில் கொஞ்சம் கொண்டு வாருங்கள், அளந்து பார்த்துவிடுவோம்.