21-ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் 0.8 வந்ததற்கு
சகோதரி, மாதவிடாய் தொடங்கி 21-ஆம் நாள் எடுத்த புரோஜெஸ்டிரோன் (முட்டை வெளியான பிறகு ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) 0.8 என்று வந்ததால் முட்டையே வெளியாகவில்லை என்று பயந்திருக்கிறீர்கள். ஆனால் மாதவிடாய் 35 நாளுக்கு ஒருமுறை என்றும் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. 21 என்பது 28 நாள் சுழற்சிக்காரர்களுக்கான கணக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னால் எடுக்க வேண்டும். உங்களுக்கு அது 28-ஆம் நாள் வாக்கில் வரும். 21-இல் முட்டை அப்போதுதான் வெளியாகிக்கொண்டிருக்கும். என் தங்கைக்கும் இதே கூத்து. ஒரு வாரம் கழித்து எடுத்ததில் 11 வந்தது. மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் போனாலே முட்டை வெளியாகிவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா? சில கருவிகளில் அது அளவைக் கூட்டிக் காட்டிவிடும். ரத்தம் கொடுக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.